முதுகில் இறங்கிய ஊசி

1891-இல் ஜெர்மனியின் கீல் நகரில், ஹைன்ரிக் குவின்கே என்ற மருத்துவர் நோயாளியின் இடுப்புப் பகுதி முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே ஊசியைச் செலுத்தினார். தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி நிற்கும் நீர் அது. பெரியவர் உடம்பில் மொத்தமே சுமார் 150 மில்லிலிட்டர். மண்டைக்குள் ஏறிய அழுத்தத்தைக் குறைப்பதே அவர் நோக்கம். ஆனால் எடுத்த நீரை அவர் கொட்டிவிடவில்லை. சர்க்கரை, புரதம், கிருமி என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். இந்தப் பொறுமைதான் பெரிய விஷயம்.



ஆட்டிச ஆய்வுக்கு இந்த நீர் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதியது 1943-இல். தாய்க்கு வந்த ருபெல்லா தொற்றுக்கும் ஆட்டிசத்துக்கும் உள்ள தொடர்பை 1971-இல் ஸ்டெல்லா செஸ் காட்டினார். 2005-இல் மறுபடி ஜான்ஸ் ஹாப்கின்ஸ்: கார்லோஸ் பார்தோவின் குழு, ஆட்டிசத்தோடு வாழ்ந்து இறந்த 11 பேரின் மூளைத் திசுவை ஆராய்ந்தது. 5 வயதுப் பிள்ளை முதல் 44 வயதுக்காரர் வரை அதில் இருந்தார்கள். மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா விழித்தெழுந்த நிலையில் கிடந்தன. உயிரோடிருந்த 6 பேரின் தண்டுவட நீரிலும் அழற்சிப் புரதங்கள் கூடியிருந்தன.

அழற்சி காரணமா, விளைவா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை. பெரியவர்களுக்கு ஆட்டிசம் இருப்பதை இன்றும் பேசிப் பழகிப் பார்த்தே கண்டறிகிறார்கள், ஊசியால் அல்ல. ஆனால் திடீரெனப் பேச்சு குழறி, வலிப்பு வந்தால், மூளையையே தாக்கும், 2007-இல் ஜோசப் டல்மாவ் விவரித்த எதிர்ப்பொருளைத் தேடி மருத்துவர்கள் அந்த நீரைத்தான் எடுக்கிறார்கள்.