மூன்று புள்ளியும் ஒரு கைகுலுக்கலும்



சென்ற கார்த்திகையில், ரொறன்ரோவுக்கு வடக்கே காணியோடு வீடு வாங்கிய நண்பர் ஒருவரிடம் போயிருந்தேன். பனிக்கு முன் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். தன் சிறிய உழவு இயந்திரத்தின் பின்னாலிருந்த புல்வெட்டியைக் கழற்றி, பனியை வாரி எறியும் பொறியைத் தனியாளாகக் கொழுவினார். கால்மணி நேரமும் செல்லவில்லை. "ஊரிலை எங்கடை மெசியிலும் இப்பிடித்தான் கலப்பையைக் கழற்றிப் பூட்டுவம்" என்றார்.

அது தற்செயலான ஒற்றுமை அல்ல. இரண்டுக்கும் தகப்பன் ஒருவரே. அவர் பெயர் ஹரி பெர்குசன்.

பெர்குசன் 1884இல், இன்றைய வட அயர்லாந்தில், ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். 1909 டிசம்பர் 31இல் தானே செய்த விமானத்தில் பறந்தார். அயர்லாந்தில் முதலில் பறந்தவர் அவரே. முதலாம் உலகப் போரின்போது, 1917இல், உழவு இயந்திரங்களின் வேலைத்திறனைக் கூட்ட அரசு அவரிடம் உதவி கேட்டது. அங்கேதான் ஒரு பெரிய ஆபத்தை அவர் கண்டார்.

அன்றைய இயந்திரம் கலப்பையை மாடு இழுப்பதுபோல வெறுமனே இழுத்துச் சென்றது. கொழு கல்லிலோ வேரிலோ மாட்டினால் கலப்பை நின்றுவிடும். பின்சில்லுகளோ சுற்றப் பார்க்கும். முன்பக்கம் மேலெழும்பி, முழு இயந்திரமும் ஓட்டுபவர் மேலே கவிழ்ந்துவிடும். இப்படி மாண்டவர்கள் பலர்.

பெர்குசன் கண்ட வழி, கலப்பையையும் இயந்திரத்தையும் ஒரே உடம்பாக்குவது. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு தண்டு. மூன்று புள்ளிகளில் இணைப்பு. கலப்பை தடைப்பட்டால் மேல்தண்டு இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளும். அதனால் முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பாது. அந்த அழுத்தத்தை உணரும் எண்ணெய்ப் பொறி கலப்பையைச் சற்று உயர்த்திக் கொடுக்கும். கலப்பையின் பாரமும் பின்சில்லில் இறங்குவதால், சிறிய இயந்திரமே பெரிய வேலையைச் செய்தது.

1936இல் இங்கிலாந்தில் டேவிட் பிரவுண் நிறுவனத்தோடு சேர்ந்து இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விற்பனை போதவில்லை. 1938இல் தன் இயந்திரத்தை அமெரிக்காவின் டியர்போர்னுக்குக் கொண்டுசென்று, ஹென்றி போர்ட்டின் வீட்டுக் காணியில் உழுது காட்டினார். பார்த்து வியந்த போர்ட் அங்கேயே உடன்பட்டார். போர்ட் செய்வார், பெர்குசன் விற்பார். வழக்கறிஞர் இல்லை, கையெழுத்து இல்லை. கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான். 1939இல் 9என் என்ற இயந்திரம் வெளிவந்தது. அதுவும் அதன் அடுத்த வடிவமுமாக 1947 வரை மூன்று இலட்சம் இயந்திரங்களுக்கு மேல் உற்பத்தியாகின.

பிறகு போர்ட் நிறுவனம் பேரன் இரண்டாம் ஹென்றி போர்ட்டின் கைக்கு வந்தது. அவர் கணக்கைப் பார்த்தார், உடன்பாட்டை முறித்தார். எவரும் விரும்பியபோது விலகலாம் என்பதும் அந்த வாய்ப்பேச்சில் இருந்ததுதான். ஆனால் 1947இல் போர்ட் விற்கத் தொடங்கிய புதிய இயந்திரத்திலும் பெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பே இருந்தது. அவர் 251 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952இல் வழக்கு இணக்கமாக முடிந்தபோது கிடைத்தது 9.25 மில்லியன். கணக்காளன் என்ற முறையில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கேட்டதில் நூற்றுக்கு நான்கு வீதமும் இல்லை.

இதற்கிடையில், 1946 முதல் 1956 வரை, இங்கிலாந்தின் கொவென்றி நகரில் அவருடைய டிஈ20 இயந்திரங்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல் உருவாகின. 1953இல் தன் தொழிலை மாசி-ஹாரிஸ் என்ற கனேடிய நிறுவனத்தோடு இணைத்தார். விலையில் ஒரு மில்லியன் டொலர் இழுபறி வந்தபோது நாணயம் சுண்டித் தீர்த்தார்கள். பெர்குசன் தோற்றார். ரொறன்ரோவில் நம்மவர் பலரும் கச்சேரி பார்த்த மாசி மண்டபத்தை 1894இல் கட்டிக் கொடுத்ததும் இதே மாசி குடும்பம்தான். 1958இல் நிறுவனம் மாசி பெர்குசன் ஆயிற்று. அதுவே எங்கள் ஊரின் 'மெசி'.

காப்புரிமைகள் காலாவதியாக ஆக மற்றவர்களும் இதே முறைக்கு வந்தார்கள். பின்னர் ஊசிகளின் அளவும் உலகப் பொதுவாயிற்று. வீட்டுக்கு வாங்கும் சிறிய இயந்திரங்கள் பெரும்பாலும் முதலாம் வகை. கீழ்க்கை ஊசி 22 மில்லிமீற்றர், மேல்தண்டு ஊசி 19 மில்லிமீற்றர். இதனால் ஒரு நிறுவனத்தின் கலப்பை இன்னொன்றின் இயந்திரத்தில் பூட்டும்.

வீட்டில் வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு சொல். சமதரையில் நிறுத்தி, பொறியை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்த பின்பே கை வையுங்கள். முதலில் சுழல்தண்டு, பிறகு மேல்தண்டு, கடைசியாகக் கீழ்க்கைகள். பூட்டும்போது கீழ்க்கைகளே முதல். எதையாவது இழுப்பதென்றால் மேல்தண்டின் இடத்தில் சங்கிலி கட்டவே வேண்டாம். பெர்குசன் தடுத்த அதே மரணத்தை அது திரும்ப அழைக்கும்.

2008, 2009இல் வன்னியில் எங்கள் சனம் கலப்பையைக் கழற்றிவிட்டுப் பெட்டியைக் கொழுவியது. கூரைத் தகரம், கதவு, நெல்மூட்டை, முதியவர், குழந்தை எல்லாம் அந்தப் பெட்டியில் ஏறின. உறுதிகளையும் பத்திரங்களையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். இங்கு வந்தும் சீட்டையும் கைமாற்றையும் வாய்ச்சொல்லில்தான் நடத்தினோம். நம்பிக்கையைக் குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் பலர் முதல் வீட்டை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் கைகுலுக்கியவர் இருக்கும்வரைதான் கைகுலுக்கலுக்கு ஆயுள். பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆகவே கைகுலுக்குங்கள், அன்றைக்கே ஒரு தாளில் எழுதியும் வையுங்கள்.