மூளையதிர்ச்சிக்குப் பிந்தைய நீடித்த அறிகுறிகள்

தலையிலோ உடலிலோ விழும் அடியால் மூளை மண்டையோட்டுக்குள் வேகமாகக் குலுங்கி, அதன் இயக்கம் தற்காலிகமாகக் குலைவது மூளையதிர்ச்சி. கிரிக்கெட் பார்ப்பவர்கள் இதைக் ‘கன்கஷன்’ என்று அறிவார்கள். நினைவு தப்பினால்தான் மூளையதிர்ச்சி என்றில்லை; பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதே இல்லை. பெரியவர்கள் பொதுவாக இரண்டு வாரத்திலும் சிறுவர்கள் நான்கு வாரத்திலும் தேறிவிடுவார்கள். நான்கு வாரம் கடந்தும் தொல்லைகள் விடாவிட்டால் அவை நீடித்த அறிகுறிகள் எனப்படும். முன்பே மூளையதிர்ச்சி கண்டவர்களுக்கு அடுத்தது எளிதில் வரும். தேறவும் பெரும்பாலும் கூடுதல் நாளாகும்.

அறிகுறிகளும் காரணமும்

தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சமும் இரைச்சலும் தாங்காமை, தூக்கக்கேடு, படித்தது மனதில் நிற்காமை, சட்டென்று வரும் கோபம், கொஞ்ச வேலைக்கே ஓய்ந்துபோவது ஆகியவை பரவலானவை. இவற்றில் பெரும்பாலானவை வெளியே தெரியாது. ‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே’ என்பது இவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம். சி.டி. ஸ்கேன் தேடுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளையதிர்ச்சியின் சேதமோ செல் அளவில் நடப்பது. நரம்பிழைகள் இழுபடும்போது செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், கால்சியம் உள்ளே புகும். இந்தக் குலைவைச் சரிசெய்யச் செல்களுக்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படும் நேரத்தில் மூளைக்கான இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அந்தப் பற்றாக்குறை தீருமுன் விழும் இரண்டாவது அடி, சிறியதானாலும், கூடுதல் கேடு செய்யும்.

மாதக்கணக்கில் நீளும் தொல்லைக்கு இந்த விளக்கம் மட்டும் போதாது. உட்காதின் சமநிலை உறுப்பு, அருகிலுள்ளதைப் பார்க்க இரு கண்களும் சேர்ந்து குவியும் திறன், அடியில் சேர்ந்து உலுக்கப்பட்ட கழுத்து, தூண்டப்பட்ட ஒற்றைத்தலைவலி, பதற்றம் எனப் பல காரணங்கள் ஒருவரிடமே பின்னிக் கிடக்கலாம். ஒரே மாத்திரையில் தீராததற்கு இதுவே காரணம்.

உடலா, மனமா?

1866இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன், ரயில் விபத்தில் வெளிக்காயமின்றித் தப்பியவர்களின் நீடித்த தொல்லைகளை நரம்பு மண்டலம் அதிர்ந்ததன் விளைவு என்று எழுதினார். 1883இல் ஹெர்பர்ட் பேஜ் அதை மறுத்து, அச்சமே பெரும்பங்கு வகிக்கிறது என்றார். பேஜ் ஒரு ரயில் நிறுவனத்தின் மருத்துவர். ரயில் நிறுவனங்கள் அப்போது விபத்தில் சிக்கியவர்களுக்கு இழப்பீடு கொடுத்துக்கொண்டிருந்தன. அந்தச் சண்டையின் நிழல் இன்றைய காப்பீட்டு வழக்குகளிலும் உண்டு. இன்றைய மருத்துவம் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது: மனச்சோர்வு அறிகுறிகளை வளர்க்கும், அறிகுறிகள் மனச்சோர்வை வளர்க்கும்.

வில் புகோவ்ஸ்கி

நீடித்த அறிகுறிகளால் கிரிக்கெட்டை விட்டவர் வில் புகோவ்ஸ்கி. 1998இல் மெல்போர்னில் பிறந்த இந்த ஆஸ்திரேலியத் தொடக்க ஆட்டக்காரருக்கு முதல் பெரிய அடி கிரிக்கெட்டில் விழவில்லை; பள்ளிக் காலத்தில் கால்பந்து ஆடுகையில் விழுந்தது. பிறகு பத்துக்கும் மேற்பட்ட முறை. 2020 டிசம்பர் பயிற்சி ஆட்டத்தில் இந்திய வீச்சாளர் கார்த்திக் தியாகியின் பவுன்சர் ஹெல்மெட்டில் பட்டதால் இந்தியாவுக்கு எதிரான முதல் டெஸ்ட் வாய்ப்புத் தள்ளிப்போனது. 2021 ஜனவரியில் சிட்னியில் அறிமுகமாகி 62 ரன் எடுத்தார். அதுவே அவருடைய ஒரே டெஸ்ட். 2024 மார்ச்சில் ஹோபார்ட்டில் ரைலி மெரிடித் வீசிய பந்து மீண்டும் ஹெல்மெட்டைத் தாக்கியது. அதன்பின் வீட்டுக்குள் நடமாடுவதே சிரமமாயிற்று. நாளின் பெரும்பகுதி தூக்கத்தில் போனது. இடப்பக்கம் ஏதாவது அசைந்தால் தலைசுற்றியது. 2025 ஏப்ரலில், 27 வயதில், இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுமையாகத் தடுக்காது.

சிகிச்சையும் அன்றாடமும்

நெடுங்காலம் சொல்லப்பட்ட வைத்தியம் இருட்டறை ஓய்வு. 2015இல் வெளியான மில்வாக்கி ஆய்வில், ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வெடுத்த இளையோர், ஓரிரு நாள் மட்டும் ஓய்ந்தவர்களைவிடக் கூடுதல் அறிகுறிகளைச் சொன்னார்கள். 2019இல் பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெடி குழு, அடிபட்டுப் பத்து நாளுக்குள் வந்த 103 இளையோரைச் சோதித்தது: அளவான உடற்பயிற்சி செய்தவர்கள் நடுமதிப்பாக 13 நாளிலும், தசை நீட்சி மட்டும் செய்தவர்கள் 17 நாளிலும் தேறினர். எனவே இப்போது 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, பிறகு தொல்லை கொஞ்சமே கூடும் அளவுக்குள் நடை என்பதே அறிவுரை. நாட்பட்டவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி, கண் பயிற்சி, கழுத்துக்கு இயன்முறை சிகிச்சை, மனநல ஆலோசனை ஆகியவை தேவைக்கேற்பச் சேரும்.

உடம்பு தேவலை என்று தோன்றும் நாளில் பாக்கி வேலையையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்து, அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவது பலரும் சிக்கும் சுழல். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை, இடையிடையே குறுகிய ஓய்வு, குறித்த நேரத்தில் தூக்கம் என்று வைத்துக்கொள்வது இதை உடைக்கும். தலைவலிக்குத் தினமும் மாத்திரை போடும் வழக்கம் ஆபத்து: வலிநிவாரணிகளை மாதத்தில் பாதி நாள் விழுங்கினால் அவையே தலைவலி உண்டாக்கும். வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம், கூடிக்கொண்டே போகும் தலைவலி ஆகியவை இந்தக் கட்டுரைக்கு அப்பாற்பட்டவை. அவை வந்தால் உடனே மருத்துவமனை போக வேண்டும்.

பிற்கால அச்சம்

குத்துச்சண்டை வீரர்களின் மூளைச் சிதைவை 1928இல் ஹாரிசன் மார்ட்லண்ட் விவரித்தார். 2002இல் இறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்த பென்னட் ஒமாலு, டௌ புரதம் படிந்திருந்ததை 2005இல் வெளியிட்டார். பல்லாண்டு அடிகளால் வரும் இந்தச் சிதைவு நோயை இறந்தபின் மூளையைப் பரிசோதித்தே உறுதிசெய்ய முடியும். நீடித்த அறிகுறிகளும் இதுவும் ஒன்றல்ல. மறதி வந்ததும் இந்நோய்தான் என்று முடிவுகட்டுவோரில் பலருக்கு உண்மையில் இருப்பது தூக்கமின்மையோ மனச்சோர்வோ ஒற்றைத்தலைவலியோ. மூன்றுக்கும் சிகிச்சை உண்டு.