உண்ணியில் விளைந்த மருந்து

மலாவியின் தலைநகரான லிலோங்வேயில் உண்ணிகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே முயலின் காதில் துணிப்பையைக் கட்டி, அதற்குள் பழுப்புக் காது உண்ணிகளை விட்டு ரத்தம் குடிக்கவைக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்க மாடுகளுக்குக் கிழக்குக் கரைக் காய்ச்சல் வராமலிருக்கப் போடும் 'முகுகா கலவை' என்ற தடுப்பூசி உருவாவது இப்படித்தான்.

அந்த உண்ணிகள் இளம் பருவத்திலேயே நோயைச் சுமந்தவை. கிழக்குக் கரைக் காய்ச்சல் கண்ட கன்றின் மேல் விட்டபோது, ரத்தத்தோடு தைலேரியா பார்வா என்ற ஒட்டுண்ணியையும் உறிஞ்சிக்கொண்டன. பிறகு கீழே விழுந்து, தோலுரித்து, முழு உண்ணியாயின. முயலுக்கு இந்த நோய் வராது. ஆனால் அதன் ரத்தத்தை நாலு நாள் குடித்தால்தான் உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி முற்றும். முற்றியதும் உண்ணிகளைக் கழுவி, அரைத்து, வடித்து, உறைபனியில் கிருமி சாகாமலிருக்கக் கிளிசரின் கலந்து, மெல்லிய குழல்களில் அடைத்துத் திரவ நைட்ரஜனில் போடுகிறார்கள். நம்மூரில் சினை ஊசிக்காரர் சுமந்து வரும் கேன் இருக்கிறதே, அதே மாதிரிதான்: உள்ளே மைனஸ் 196 டிகிரி.

ஆக, குழலுக்குள் இருப்பது செத்த கிருமியும் அல்ல, வீரியம் குறைத்த கிருமியும் அல்ல, உயிருள்ள நோயேதான். மாட்டின் வெள்ளணுக்களுக்குள் புகுந்து அவற்றைப் புற்றுநோய்ச் செல்கள்போலப் பெருகவைக்கும் கிருமி இது. முதலில் காதடியில் நெறி கட்டும், பிறகு காய்ச்சல் ஏறும், கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து மூக்கில் நுரை தள்ளும். மூன்று, நாலு வாரத்தில் மாடு போய்விடும்.

இதைக் கடிவாளம் போட்டுச் செலுத்தலாம் என்று காட்டியவர்கள், நைரோபிக்குப் பக்கத்திலுள்ள முகுகா ஆய்வகத்தார். 1960களிலும் 70களிலும் அங்கே வேலை நடந்தது. கிருமியை ஏற்றும்போதே, உடம்பில் நாள்பட நிற்கும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியையும் ஏற்றினார்கள். நோய் லேசாக வந்து போயிற்று. எதிர்ப்பு மட்டும் ஆயுள் முழுக்க நின்றது. ஒரே ரகக் கிருமி எல்லா ஊருக்கும் போதவில்லை என்பதால் மூன்று ரகங்களைச் சேர்த்தார்கள். அதில் ஒன்று செரங்கெட்டியின் காட்டெருமை வழி வந்தது.

நம் கலப்பினப் பசுக்களைத் தாக்கும் தைலேரியா அன்னுலேட்டா வேறு இனம். அதற்குக் குடுவையில் வளர்த்த செல்களிலிருந்தே தடுப்பூசி வந்துவிட்டது. உண்ணியை அரைக்கும் பாடில்லை. பார்வாவையும் அப்படிப் பழக்கிப் பார்த்தார்கள். ஓர் ஊசிக்கே ஏராளமான செல்கள் வேண்டியிருந்ததால் அது சரிப்படவில்லை.

பட்டியில் ஊசி போடும் நாளில் முதல் வேலை, கன்றின் மார்பைச் சுற்றி நாடா பிடித்து எடை கணிப்பது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் அளவு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 30 மில்லிகிராம். கண்ணளவில் குறைத்துப் போட்டால் காக்க வந்த ஊசியே நோயைக் கொடுத்துவிடும். மருந்து தசையில் ஆழமாக இறங்கும். கிருமி காதடியில், 1 மில்லி. பிறகு காதில் ஓர் அடையாள வில்லை. தான்சானியாவின் மாசாய் மக்களிடம் இந்த ஊசி வேகமாகப் பரவியது. வில்லை மாட்டிய கன்றுக்குச் சந்தையில் விலையும் கூடுதல்.

உயிருள்ள கிருமியைப் புது வட்டாரத்துக்குக் கொண்டுபோவதா என்று சில அரசுகள் நெடுங்காலம் தயங்கின. தயக்கத்தில் நியாயமில்லாமல் இல்லை. ஊசி போட்ட மாட்டின் உடம்பிலும் கிருமி தங்கும், அதைக் கடிக்கும் உண்ணிக்கும் ஏறும். ஆனாலும் தேவை விடவில்லை. 2008 வாக்கில் நைரோபியிலுள்ள சர்வதேச கால்நடை ஆய்வு நிறுவனம் சுமார் 10 லட்சம் ஊசிக்கான ஒரு தொகுதியைத் தயாரித்தது. அதன் பிறகு உற்பத்தி லிலோங்வேக்குப் போனது.

என் கணக்கில், இதன் பெரிய குறை கிருமியில் இல்லை, குழலில்தான் இருக்கிறது. ஒரு குழலில் ஏறக்குறைய 40 மாட்டுக்கான மருந்து. உருக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிஞ்சியதைத் திரும்ப உறையவைக்க முடியாது. மந்தையாக மாடு வைத்திருக்கும் மாசாய்க்காரருக்கு இது பொருட்டே இல்லை. இரண்டே கறவை மாட்டை நம்பிப் பால் ஊற்றும் கென்யச் சிறு விவசாயியோ, மருத்துவர் அக்கம்பக்கத்தில் 40 மாட்டுக்கு ஆள் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வாராவாரம் உண்ணி மருந்தைத் தெளித்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு வழி.