பங்களாத் தட்டும் லயத்துத் தகரமும்

லவ் கேக்குக்கு வேண்டிய சாமான்களை ஒருதரம் பாருங்கள். ஏலம், கராம்பு, கறுவா, சாதிக்காய். நாலும் மாத்தளையில் விளைகிறவை. சொக்லேட் கேக் என்றாலும் பரவாயில்லை, உக்குவளைப் பக்கம் கொக்கோ இருக்கிறது. ஆனால் இவற்றைப் பறித்துக் காயவைத்தவர்களின் வீட்டில் கேக் சுட அடுப்பும் இருக்கவில்லை, தட்டும் இருக்கவில்லை. இன்று தீபாவளி, கிறிஸ்மஸ் நெருங்கினால் எங்கள் வீடுகளில் எழும் கேள்வி, எந்தத் தட்டு வாங்கினால் நாலைந்து வருசமாவது நிற்கும் என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். அப்படி நடக்கிறவர் தலையில் எதைச் சுமப்பார்? சோறு பொங்க ஒரு பாத்திரம், தண்ணிக்கு ஒரு செம்பு. வந்து சேர்ந்த லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. அதற்குள்ளேயோ வாசலிலேயோ ஒரு விறகடுப்பு. கோதுமை மா கிடைத்தபோது அது ரொட்டியானது. ரொட்டிக்குக் கல் போதும். (பாண், போறணை, தாச்சி, ஏன் காம்பராவும்கூட, போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். சொல் வந்த எல்லா வீட்டுக்கும் பொருள் வரவில்லை. இன்னொன்று, ‘அவன்’ என்று எழுதினால் ஆளா அடுப்பா என்ற குழப்பம் வரும். அதனால் நாங்கள் போறணை என்றே எழுதுகிறோம்.)

போறணை இருந்த இடம் தொரையின் பங்களா. 1880இல் ரயில் மாத்தளை வரை வந்தது. கனமான சாமான்களை மலைக்கு ஏற்றுவது அதற்குப் பிறகு லேசாகியிருக்கும். பங்களாக் குசினிகளில் டோவர் அடுப்பு என்ற வார்ப்பிரும்பு விறகடுப்பு இருந்தது. அதற்குள் வைத்த கேக் தட்டுகள் பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. அந்தக் காலத்தில் உலகத்துக்கே இந்தத் தகட்டை அனுப்பியது வேல்ஸ். மெல்லிசு, மலிவு, சூடு சீக்கிரம் ஏறும். ஆனால் பூச்சு உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும், வெறும் தட்டை நெருப்பில் மறந்தால் கதை முடிந்தது. லவ் கேக்குக்குத் தட்டின் அடியில் பல மடிப்புக் கடதாசி போடும் பழக்கத்தை ஏதோ பரம்பரை இரகசியம் மாதிரிச் சொல்வார்கள். எங்களுக்கு அது மெல்லிய தகட்டுக்குக் கண்டுபிடித்த வைத்தியமாகவே படுகிறது. அடி கருகாமல் நடு வேக வேண்டுமே.

அந்த அடுப்பில் கேக் சுட்டவர் அப்பு, அதாவது பங்களாச் சமையற்காரர். அவர் கைப்பழக்கத்தில் கொஞ்சம் லயத்துக்கு வந்திருக்கலாம், அடுப்பு வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது தகரம். காலியான பிஸ்கட் டின், வெட்டித் தட்டிய மண்ணெண்ணெய் டின். மாவுக் கலவையைச் சட்டியிலோ டின்னிலோ ஊற்றி, மேலே ஒரு தகட்டை மூடி, கீழேயும் மேலேயும் சிரட்டைத் தணல். சிங்கள வீடுகளில் பிபிக்கன் சுட்ட முறையும் இதேதான். இதைச் சாமர்த்தியம் என்று புகழ்ந்துவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. பழைய டின்களின் மூட்டுகளை ஒட்டியது ஈயம் கலந்த பற்றாசு. அது 183 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும். கேக் வேகிற சூடும் கிட்டத்தட்ட அதுதான். பண்டிகைக்கு ஒரு நாள் ஆசைப்பட்டதற்கு, ஈயம் கலக்கக்கூடிய தகரத்தில் சுட வேண்டியிருந்தது என்பதை ‘பாரம்பரியம்’ என்று அழகாக்க முடியாது. டவுனுக்குக் கிட்ட இருந்தவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. தட்டை பேக்கரிக்குக் கொண்டுபோய், பாண் இறக்கிய பிறகு ஆறிக்கொண்டிருக்கும் போறணையில் வைத்துச் சுட்டு வாங்குவது. ஆள் மாறாமல் இருக்கத் தட்டில் ஆணியால் பேர் கீறுவார்கள்.

நிலைமையை மாற்றியது அலுமினியம். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியாக அதை மலிவாகப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடிக்கும்வரை அது வெள்ளியோடு போட்டிபோட்ட உலோகம். 12 வருசத்தில், 1898இல், சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கிவிட்டார். மண்ணும் பித்தளையும் பாவித்த ஆட்களுக்குத் துருப்பிடிக்காத, பாரமில்லாத பாத்திரம் கிடைத்தது. கேக்குக்கு அது பொருந்துவதற்குக் காரணம் வேறு. எவர்சில்வரைவிடச் சுமார் 15 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஓரம் காய்ந்து நடு பச்சையாக நிற்பது குறையும். எவர்சில்வர் தட்டு ஆயுசுக்கும் நிற்கும், உண்மைதான். கேக் சுமாராக இருக்கும்.

ஒட்டாத தட்டு சங்கதி 1938இல் ரோய் பிளங்கட் தற்செயலாகக் கண்ட டெஃப்லோனில் தொடங்குகிறது. 1950களில் பிரான்சில் அதைச் சமையல் பாத்திரத்தில் பூசினார்கள். கடையில் அழகாய் மின்னுவது அதுதான். ஆனால் கத்தியால் ஒருதரம் வெட்டினால் கீறல், 260 பாகை தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். தட்டின் ஆயுள் பூச்சின் ஆயுள்தான்.

ஆகவே எங்கள் தேர்வு பூச்சில்லாத, தடிப்பான அலுமினியம். கடையில் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நெளிந்தால் வைத்துவிடுங்கள், போறணைச் சூட்டிலும் அது நெளியும். விளிம்பு சுருட்டி மடித்ததா, ஒரே தகட்டில் அழுத்தி எடுத்ததா என்று பாருங்கள். மூலை மடிப்பில் மாவும் தண்ணியும் தங்கும். கறுப்புத் தட்டு சூட்டை அதிகம் உறிஞ்சி ஓரத்தைக் கருக்கும். பாரமாக இருக்கிறதே என்று மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த பாத்திரங்களில் ஈயம் இருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. அன்னாசி, தேசிக்காய் சேரும் கேக்குக்கு எண்ணெய்க் கடதாசி போடுங்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

2022இல் கேஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, எங்களில் சிலர் வீட்டில் திரும்பவும் சிரட்டைத் தணல் மூட்டினார்கள். கீழே தணல், மேலே தணல், நடுவில் அம்மாச்சி காலத்து அலுமினியத் தட்டு. ஒட்டாத தட்டை யாரும் வெளியில் எடுக்கவில்லை.