கில்லா

'கில்லா' என்றால் கோட்டை. அரபிச் சொல்லான 'கல்ஆ' பாரசீகம் வழியே உருதுவுக்கும் மராத்திக்கும் வந்து இந்த வடிவம் பெற்றது. தமிழுக்கும் இது புதிதன்று. நவாபுகள் காலத்தில் வேலூர்க் கோட்டைத் தலைவரைக் 'கில்லேதார்' என்றே அழைத்தனர். 'கில்லாடி'க்கும் இதற்கும் உறவில்லை. அது 'விளையாடுபவர்' எனப் பொருள்படும் 'கிலாடி'யிலிருந்து வந்தது.

மும்பையின் தாராவித் தமிழர் நாவில் தினமும் புழங்கும் 'காலா கில்லா' என்பது கறுப்புக் கோட்டை. அங்குள்ள பேருந்துப் பணிமனைக்கும் அதுவே பெயர். மித்தி ஆற்றை ஒட்டிய இக்கோட்டை, பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி 1737-இல் கட்டப்பட்டதென அதன் சுவரிலுள்ள கல்வெட்டு சொல்கிறது. பக்கத்துச் சயானின் மராத்திப் பெயர் 'சீவ்', அதாவது எல்லை. பம்பாய்த் தீவு முடிந்து சால்செட் தீவு தொடங்கிய இடம் அது. அந்த எல்லையைக் காக்க எழுந்தவையே சயான் கோட்டையும் காலா கில்லாவும்.

தென்மும்பையின் கோட்டை மதிலை 1860-களில் இடித்துவிட்டார்கள். சர்ச்கேட்டில் அம்மதிலின் வாயில் போய்ப் பெயர் மட்டும் எஞ்சியது. தாராவியில் பெயரோடு சுவரும் நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தக் கல்வெட்டைக் காட்டுங்கள்.