பரமேஸ்வரா வளவில் தலைமை ஏற்றவர்கள்

வேலணைத் தீவின் தென்கரையில் இருக்கிறது சாட்டி. சிந்தாத்திரை மாதா கோயிலாலும் வெள்ளை மணற் கடற்கரையாலும், தீவகத்தின் தாகம் தீர்த்த நன்னீர்க் கிணறுகளாலும் பெயர் பெற்ற ஊர். இங்கிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை மண்கும்பான், அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைத் தாம்போதியைக் கடந்து பட்டணத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போகவேண்டும். நெடுந்தீவுப் பிள்ளைக்கு வழி இன்னும் நீளம். முதலில் குறிகட்டுவானுக்குப் படகு, அதன்பிறகுதான் பஸ். ஆகவே தீவகத்துப் பிள்ளைகளிற் பலர் திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ அறை எடுத்துத் தங்கிவிடுகிறார்கள்.

இவ்வளவு தூரம் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களுக்கு, அந்த நிறுவனத்தை நடத்துகிறவர்கள் யார், அவர்கள் எப்படி அந்தக் கதிரைக்கு வந்தார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் அரை நூற்றாண்டுக் கதையில் கட்டடங்களைவிட மனிதர்களின் முடிவுகளே பெரிய இடத்தைப் பிடிக்கின்றன.

பொறுப்புகளை முதலில் பார்த்துவிடலாம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி வேந்தரை நியமிப்பவர் ஜனாதிபதி. பட்டமளிப்பு விழாவில் தலைமை தாங்குவது வேந்தரின் பணி. அன்றாட நிர்வாகம் அவர் கையில் இல்லை. அது துணைவேந்தரின் பொறுப்பு. பேரவை மூன்று பெயர்களைச் சிபாரிசு செய்ய, அவை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக ஜனாதிபதியிடம் போகும். அவர் ஒருவரை மூன்று ஆண்டுகளுக்கு நியமிப்பார். பீடாதிபதிகளைத் தெரிவு செய்வது அந்தந்தப் பீடத்தவர்கள். பதிவாளர் கோப்புகளுக்கும் கூட்டங்களுக்கும் பொறுப்பு, நிதியாளர் பணத்துக்கு, நூலகர் நூல்களுக்கு. கல்வி விடயங்களை மூதவையும், நிர்வாகத்தையும் நிதியையும் பேரவையும் பேசித் தீர்க்கும். இரண்டுக்கும் தலைவர் துணைவேந்தரே. கடைசிக் கையெழுத்துக் கொழும்பில் இருக்கிறது என்பதை மட்டும் இங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துத் துணைவேந்தர்களின் வரலாறு முழுவதும் அந்தக் கையெழுத்தின் நிழல் விழுந்திருக்கிறது.

பல்கலைக்கழகம் இருக்கும் வளவு சேர் பொன்னம்பலம் இராமநாதனுடையது. 1913இல் பெண்களுக்காக மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைத் தொடங்கிய அவர், 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்காகப் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். அது ஒருநாள் பல்கலைக்கழகமாக வளரவேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1930இல் அவர் காலமானார். 1960இல் கல்லூரியை அரசு கையேற்றது. ஆனால் 1974இல் அந்த வளவில் பல்கலைக்கழகக் கொடி ஏறியபோது யாழ்ப்பாணம் ஒருமனதாக மகிழவில்லை.

காரணம் இருந்தது. தமிழுக்கான பல்கலைக்கழகம் திருகோணமலையில் அமையவேண்டும் என்பது தமிழரசுக் கட்சியின் நெடுநாள் நிலைப்பாடு. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழக வாசலில் தமிழ் மாணவர்களுக்கு உயர்ந்த புள்ளி எல்லையை வைத்திருந்தது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில், பொலிஸ் நடவடிக்கைக்குப் பின் உயிர்கள் பலியாயின. அந்தத் துயரம் ஆறுமுன், அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் உருவானது. ஒக்டோபர் 6ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வந்து திறந்து வைத்தார். தமிழ்க் கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்து ஒதுங்கி நின்றன.

அந்தக் கொதிப்புக்கு நடுவில்தான் வளாகத்தின் முதல் தலைவராகப் பேராசிரியர் க. கைலாசபதி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 41. கோலாலம்பூரில் பிறந்தவர், ‘தினகரன்’ ஆசிரியராக இருந்தவர், பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர். சங்க இலக்கியத்தைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு அவர் எழுதிய நூலை 1968இல் ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் வெளியிட்டது. இடதுசாரி. அரசின் ஆள் என்று ஊரில் பலர் முகம் திருப்பினார்கள். அவருடைய அரசியல் பற்றி எவரும் மாறுபடலாம். ஆயினும் ஒரு பழைய பாடசாலை வளவை எடுத்து, நல்ல ஆசிரியர்களைத் தேடிச் சேர்த்து, விஞ்ஞான வகுப்புகளை வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் இடத்தில் நடத்தி, மூன்றே ஆண்டுகளில் அதை ஒரு கல்விக்கூடமாக நிற்கவைத்தவர் அவர். இன்று வளாகத்தின் பெரிய மண்டபம் கைலாசபதி கலையரங்கம் என்று அழைக்கப்படுவது நியாயமான மரியாதை.

அந்த ஆரம்ப அணி தனியே ஒரு கட்டுரைக்குரியது. விஞ்ஞான பீடத்தைக் கட்டியவர் கணிதப் பேராசிரியர் பொ. கனகசபாபதி. கலைப்பக்கத்தில் வரலாற்றுத் துறையைத் தொடங்கிப் பீடாதிபதியாகவும் இருந்தவர் கா. இந்திரபாலா.

இந்திரபாலாவைத் தீவகம் சிறப்பாக நினைக்க வேண்டும். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள, முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டை 1963இல் வாசித்து ஆராய்ந்து வெளியிட்டவர் அவர். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்கிறது அந்தக் கல்வெட்டு. அரசனுக்கு யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் சரிபாதி என்று விதிக்கிறது. ஊர்காவற்றுறை 800 ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் போட்டுக் காக்கப்பட்ட துறைமுகம் என்று தீவகத்துப் பிள்ளை இன்று பெருமையோடு சொல்ல முடிகிறதென்றால், அதில் இந்தப் பீடாதிபதியின் உழைப்பு இருக்கிறது. 1980இல் ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால ஈமப் புதைகுழியையும் எழுத்துப் பொறித்த முத்திரையையும் வெளிக்கொண்டுவந்த அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அந்த அணியில் இருந்த பொ. இரகுபதி பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகள் பற்றி எழுதிய நூல் 1987இல் வெளிவந்தது. நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் வெயிலில் மண்வெட்டியோடும் நின்ற காலம் அது.

1977இல் ஆட்சி மாறியது. கைலாசபதி தலைமையிலிருந்து விலக, பேராசிரியர் சு. வித்தியானந்தன் வந்தார். தெல்லிப்பழையைச் சேர்ந்த இவர், பேராதனையில் கைலாசபதிக்கே பாடம் சொன்ன ஆசிரியர். அதற்கும் மேலாக, 1974 தமிழாராய்ச்சி மாநாட்டை அரசின் விருப்பத்துக்கு மாறாக யாழ்ப்பாணத்தில் நடத்திக் காட்டியவர்களின் தலைவர். அந்த மாநாடுகளின் தாய் அமைப்பான உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு 1964இல் டில்லியில் வித்திட்டவர்களில் முதன்மையானவர் தனிநாயகம் அடிகள். அவர் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் பிறந்தவர். இலங்கையிலும் மலாயாவிலும் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். தீவகத்தில் முளைத்த எண்ணம் ஒன்று உலகைச் சுற்றி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபோது, அதை ஏந்தி நின்றவர்தான் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

1979 ஜனவரி 1ஆம் திகதி வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. வித்தியானந்தன் முதல் துணைவேந்தர். சட்டப் பேராசிரியர் தம்பையா நடராஜா முதல் வேந்தர். 1978இல் தொடங்கிய மருத்துவ பீடத்தைப் பேராசிரியர் ஏ. ஏ. ஹூவர் தம் தோளில் சுமந்தார். கட்டடம் இல்லை, கருவி போதாது. கைதடி ஆயுர்வேத வைத்தியசாலையின் இடத்திலேயே முதல் வகுப்புகள் நடந்தன. ‘நந்தி’ என்ற பெயரில் தமிழர் அறிந்த நாவலாசிரியர் செ. சிவஞானசுந்தரம் அங்கே சமுதாய மருத்துவம் கற்பித்தார். வித்தியானந்தனோ மட்டக்களப்பிலும் மன்னாரிலும் நாட்டுப்பாடல்களையும் கூத்துகளையும் தேடித்தேடிப் பதிப்பித்தவர். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றியவர். அண்ணாவிமாரிடம் பணிவோடு பாடம் கேட்ட ஒரு துணைவேந்தர் வேறெங்கே கிடைப்பார்?

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு துணைவேந்தர் கதிரை முள்ளாகியது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தின் கொமாண்டோக்கள் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகொப்டரில் வந்து இறங்க, வளவே போர்க்களமாயிற்று. அடுத்த ஆண்டு வித்தியானந்தன் ஓய்வு பெற்றார். 1989 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி, உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதம் ஏந்திய எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்டவர் அவர். துறைத் தலைமை என்பது உயிரைப் பணயம் வைக்கும் பதவியாகவும் இருந்த காலத்தை அவர் பெயர் சொல்லாமல் எழுத முடியாது.

வித்தியானந்தனுக்குப் பின் துணைவேந்தராக வந்தவர் அழகையா துரைராசா. வடமராட்சி இமையாணன்காரர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்தவர். கேம்பிறிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963இல் எழுதிய களிமண் பற்றிய ஆய்வுக் கட்டுரையை இன்றும் உலகின் மண் பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். பேராதனைப் பொறியியல் பீடாதிபதி, திறந்த பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் என்று தென்னிலங்கையில் வசதியாக இருந்திருக்கக்கூடிய மனிதர், 1988இல் யாழ்ப்பாணத்தைத் தெரிவுசெய்தார்.

1990 ஜூனில் மறுபடி போர் வெடித்தது. ஆகஸ்டில் இராணுவம் தீவகத்துக்குள் வந்தது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை எங்கும் சனம் பெயர்ந்தது. தீவகத்து மாணவர்கள் ஊரை இழந்தவர்களாகவே வகுப்பில் இருந்தார்கள். மின்சாரம் நின்றது, பெற்றோல், சீமெந்து, பற்றறி எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. துணைவேந்தர் துரைராசா சைக்கிளில் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மாணவரும் சைக்கிள், துணைவேந்தரும் சைக்கிள். அந்தக் காலத்தில் படித்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது இதைத்தான். நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது, இப்படி மூச்சு முட்டிய நாளிலும் அவர் விரிவைப் பற்றி யோசித்ததை. விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சிக்கென ஆரம்பமானது. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. அது 1997இல் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. பொறியியல் பீடம் வன்னியில் அமையவேண்டும் என்பதும் அவர் கனவு. அது கிளிநொச்சியில் நனவாகும்போது அவர் இல்லை. 1994 ஜூன் மாதம் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. தமிழர் கல்வி வரலாற்றில் துணைவேந்தர் பதவிக்கு அவரைவிடப் பெரிய மரியாதையைத் தேடித்தந்தவர் இல்லை என்பது என் துணிபு.

அவருக்குப் பின் பதில் துணைவேந்தராக இருந்த பௌதிகவியல் பேராசிரியர் குணரத்தினத்தின் காலத்தில்தான் 1995 ஒக்டோபர் 30 வந்தது. வலிகாமம் ஒரே இரவில் காலியானது. பல்கலைக்கழகமும் மாணவர்களோடு தெருவுக்கு வந்தது. 1996இல் ஊர் திரும்பியபின் எல்லாவற்றையும் திரும்பவும் ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. 1997இலிருந்து புவியியலாளர் பொ. பாலசுந்தரம்பிள்ளை, அவரை அடுத்து சு. மோகனதாஸ், 2009இன் பேரழிவுக் காலத்தில் சமூகவியலாளர் என். சண்முகலிங்கன் என்று பொறுப்புக் கைமாறியது. 2011இல் உயிர் இரசாயனப் பேராசிரியர் வசந்தி அரசரட்ணம் முதல் பெண் துணைவேந்தரானார்.

போர் முடிந்தும் கொழும்பின் கையெழுத்துக் கனம் குறையவில்லை. 2017இல் பதவியேற்ற பேராசிரியர் இ. விக்னேஸ்வரனை 2019இல் ஜனாதிபதி நீக்கினார். தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரின் பொறுப்பில் பல்கலைக்கழகம் ஓர் ஆண்டுக்கு மேல் நடந்தது. 2020இல் கணிதப் பேராசிரியர் சி. சிறிசற்குணராஜா துணைவேந்தரானார். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றாம் நாள் விடியலில் துணைவேந்தரே வந்து கஞ்சி கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்து, புதிய தூபிக்கு அடிக்கல் நாட்டினார். மேலிடத்து அழுத்தமும் மாணவரின் கண்ணீரும் ஒரே மேசைக்கு வந்து சேரும் பதவி இது. எவர் அமர்ந்தாலும் அப்படித்தான்.

வரலாற்றறிஞர் சி. பத்மநாதன் வேந்தராக அமர்ந்ததை ஒரு நல்ல தொடர்ச்சியாகப் பார்க்கிறேன். இந்திரபாலா தொடங்கிய கல்வெட்டு வாசிப்பை வாழ்நாள் முழுதும் செய்த இன்னொருவர் பட்டமளிப்பு மேடையில் நின்றது, அந்த மேடையில் ஏறும் வேலணைப் பிள்ளைக்கும் ஊர்காவற்றுறைப் பிள்ளைக்கும் பொருத்தமானது.

துணைவேந்தர்களின் படங்கள் சுவரில் இருக்கின்றன. அவர்களைப் பற்றி மலர்களும் நினைவுரைகளும் வந்திருக்கின்றன. இடம்பெயர்வின்போது மாணவர் கோப்புகளைக் காப்பாற்றிய பதிவாளர் பகுதி அலுவலர்கள், மெழுகுதிரி வெளிச்சத்தில் பரீட்சை நடத்திய பீடாதிபதிகள், நூல்களைப் பொத்திவைத்த நூலகர்கள் ஆகியோரைப் பற்றி அந்த அளவுக்கு எழுத்து இல்லை. 1974இல் முதல் அணியாக நுழைந்த மாணவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களிற் சிலர் சாட்டியிலும் கரம்பொன்னிலும் புங்குடுதீவிலும், சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போகவேண்டும். வாசகர் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த மாதமே அவரைப் பேசவைத்து எழுதி வையுங்கள்.