தாதியை மாணவியாக்கிய நற்றிங் அம்மையார்

தாதியர் பணி என்றதும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரே எம்மவர் நினைவில் முதலில் எழும். ஆனால், அப்பணியைக் கற்பிப்போருக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் ஆசனம் பெற்றுத் தந்தவர் நாம் இன்று வாழும் கனடிய மண்ணிற் பிறந்தவர் என்பதைப் பலர் அறியார். அவரே மேரி அடெலெய்ட் நற்றிங்.

1858 இல், இன்றைய கியூபெக் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் அவர் பிறந்தார். இளமையில் நியூபவுண்ட்லாந்திற் பெண்கள் பாடசாலையொன்றில் இசை கற்பித்தார். 1889 இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை, தாதியர் பயிற்சிப் பாடசாலையை ஆரம்பித்தபோது, முப்பது வயதை எட்டியிருந்த நற்றிங் முதலணி மாணவியருள் ஒருவராகச் சேர்ந்தார். அதன் அதிபராயிருந்த இசபெல் ஹம்ரனும் ஒன்ராறியோவிற் பிறந்து, பள்ளியாசிரியையாகப் பணியாற்றியபின் தாதியானவரே. 1894 இல் அவர் மணம் புரிந்து விலக, அப்பொறுப்பு நற்றிங்கிடம் வந்தது.

அக்காலத்திற் பயிற்சிப் பாடசாலைகள் பெரும்பாலும் பெயரளவிலேயே பாடசாலைகளாக இருந்தன. நோயாளர் விடுதிகளின் வேலைகளை மாணவியரே சுமந்தனர். வாரத்தில் 60 மணித்தியாலத்திற்கும் மேலாக உழைத்துக் களைத்தபின் எஞ்சிய வேளையிலேயே பாடம் நடந்தது. மாதந்தோறும் அவர்களுக்குச் சிறுதொகை ஒன்று வழங்கப்பட்டது. அத்தொகை உதவிபோலத் தோன்றினும், மாணவியை மலிவான வேலையாளாக்கும் கயிறாகவும் அமைந்தது.

நற்றிங் அக்கயிற்றை அறுத்தார். வேலை நேரக் கணக்குகளைத் திரட்டி நிருவாகத்தினர் முன் வைத்தார். 1896 அளவிற் பயிற்சி மூன்றாண்டாக நீண்டது; வேலை நேரம் குறைந்தது; மாதாந்தப் பணம் நிறுத்தப்பட்டது. வசதியற்ற பெண்கள் தடுக்கப்படாதிருக்கப் புலமைப்பரிசில்கள் ஏற்படுத்தப்பட்டன. 1901 இல், நோயாளரைத் தொடுவதற்கு முன்பே உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் முதலியவற்றைக் கற்கும் ஆறுமாத ஆயத்த வகுப்பையும் தொடக்கினார். அறியாத கையில் நோயாளியை ஒப்படைப்பது இருவருக்குமே தீங்கு என்பது அதன் அடிப்படை.

1907 இல் நியூயோர்க்கில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் அவர் பேராசிரியரானார். உலகிற் பேராசிரியர் பதவி பெற்ற முதல் தாதி அவரே. அதே ஆண்டில், லவீனியா டொக்குடன் இணைந்து எழுதிய தாதிய வரலாற்று நூலின் முதலிரு பாகங்களும் வெளிவந்தன. 1925 இல் ஓய்வு பெற்ற அவர், 1948 இல் மறைந்தார்.

இவ்வரலாறு எமக்குத் தொலைவானதன்று. முதியோர் இல்லங்களில் இரவுபகலாய்ப் பராமரிப்பு வேலை செய்யும் எம் சகோதரியர் பலர். வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் நெருக்க, மகளின் மேற்படிப்பைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கும் பெற்றோரும் உளர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. எனினும், இன்று கைக்கு வரும் சிறுதொகை நாளைய கல்வியை விலையாகக் கேட்கக்கூடும் என்பதை நற்றிங் நூறாண்டுகளுக்கு முன்னரே கண்டார். பணத்தை நிறுத்திய அதே கையால் அவர் புலமைப்பரிசிலையும் நீட்டினார். கற்க விரும்பும் பிள்ளைக்கு வீடு அறிவுரையோடு நின்றுவிடாது, எம் சங்கங்களும் உதவிநிதியோடு துணைநிற்பின், ஒத்திவைத்த படிப்புகள் பல மீண்டும் தொடரும்.